குட்டி டப்பாவின் சாட்சி

அச்சகத்திலிருந்து வந்து அவர் சட்டையைக் கழற்றியதுதான் தாமதம், மனைவி அதைப் பிடுங்கி காலரை முகர்ந்து பார்த்தாள். சட்டைப் பையையும் வெளியே இழுத்து உதறினாள்.

"உண்மையைச் சொல்லுங்க. எனக்குத் தெரியாம இது எத்தனை நாளா நடக்குது?"

"எதும்மா?"

"நடிக்காதீங்க. உங்க பக்கத்து மேசை பைண்டர் அண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. நேத்து மத்தியானம் எதிர்ப் பெட்டிக்கடைக்குப் போனீங்களாம்."

"தைக்கிற நூல் வாங்கப் போனேன்."

சட்டையில் மையும் பசையும் தவிர வேறு வாசனை இல்லை. அவள் தேடியது சிகரெட் வாசனையை, இல்லாவிட்டால் எண்ணெய்ப் பலகார வாசனையை.

அவருக்கு க்ரோன்ஸ் நோய் வந்து, புண்ணான குடலை வெட்டி எடுத்து மிச்சத்தைச் சேர்த்துத் தைத்து ஒரு வருஷம் ஆகிறது. நோய் திரும்புகிறதா என்று பார்க்க, சில மாதத்துக்கு ஒரு தடவை குட்டி டப்பாவில் மலம் எடுத்து லேபில் கொடுக்க வேண்டும். குடலுக்குள் புண் இருந்தால் மலத்தில் கால்ப்ரோடெக்டின் என்று வாயில் நுழையாத ஏதோ ஒன்று கூடுமாம். இதுவரை சமர்த்தாக இருந்த அந்த எண், இன்று வந்த ரிப்போர்ட்டில் மூன்று மடங்காக எகிறியிருந்தது.

"நீங்க பொய் சொல்லலாம், டப்பா பொய் சொல்லாது," என்றாள். "மறுபடியும் வயித்தைக் கிழிக்கணும்னு சொன்னா நான் தாங்க மாட்டேன்."

"நீ குடுக்கிறதைத் தவிர ஒரு வாய் தொட்டதில்லை. மூட்டு வலிக்கு இன்னொரு மாத்திரையான்னு நான் அடம்பிடிச்சப்போ, உன் சூப்புதானே அந்த வலியைப் போக்குச்சு? அந்த நன்றிகூடவா எனக்கு இருக்காது?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. பக்கத்து மேசைக்காரன் உளவு சொல்கிறான், கட்டினவள் சட்டையை மோப்பம் பிடிக்கிறாள். போதாக்குறைக்குச் சொந்தக் குடலே காட்டிக்கொடுத்துவிட்டது. இத்தனை கோபத்திலும் அவள் ஆற்றி நீட்டிய சூப்பை மட்டும் அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

அடுத்த வாரம் குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்த டாக்டர், "தையல் போட்ட இடம் சுத்தமா இருக்கு. நோய் திரும்பலை," என்றார்.

"கேட்டுக்கிட்டியா?" அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"ஆனா எண் சும்மா ஏறாதே," என்றார் டாக்டர். "சில வலி மாத்திரை அதை ஏத்திவிடும். உங்க குடலுக்கு அது ஆகவே ஆகாதுன்னு அப்பவே உங்ககிட்ட சொன்னேன். ஏதாவது போட்டீங்களா?"

"சத்தியமா இல்லை, டாக்டர்."

டாக்டர் நம்பாமல் சிரித்தார். "எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. நீங்க சொல்லுங்கம்மா, ஒளிச்சு வெச்சு முழுங்குறாரா?"

எப்போதும் முந்திக்கொண்டு பேசுகிறவள், கைப்பை வாரைத் திருகியபடி நின்றாள். ஆக, இங்கேயும் அவள் தன் பக்கம் பேசப்போவதில்லை என்று அவர் எண்ணிக்கொண்டார்.

"அவருக்குத் தெரியாது, டாக்டர். சூப்புல பொடி பண்ணிக் கலந்தது நான்தான்."