நண்டு வைத்த கொல்லைவாசல்

கோடைக்காலம். குளத்தில் முழங்கால் தண்ணீர்தான். கரைக்குள் வளை வைத்திருந்த நண்டுக்கு அப்போது பார்த்துக் கொல்லைவாசல் வேண்டுமாம். கரையைக் குடைந்தது.

"வேணாம்டா தம்பி, இருக்கிற தண்ணியும் போயிடும். என் குஞ்சுக செத்துடும்டா" என்றது விரால் மீன்.

"என் வீடு, நான் தோண்டுறேன். உனக்கென்ன அக்கா?"

ஓட்டை விழுந்தது. தண்ணீர் அந்த வழியே பாய்ந்து நண்டையும் இழுத்துக்கொண்டு போனது. நல்ல வேளை, கொழுத்த நண்டு. வாசலிலேயே இறுகிச் சிக்கிக்கொண்டது. ஒழுக்கு நின்றது. விராலுக்கு அப்புறம்தான் மூச்சு வந்தது.

"அக்கா, மாட்டிக்கிட்டேன்! கொடுக்கைப் புடிச்சு இழு!"

"இழுக்காம விடுவேனா? மொதல்ல மழை வரட்டும்டா. அதுவரைக்கும் புழு கொண்டாந்து ஊட்டுறேன்."