வாயில் வைக்க முடியாத மீன் குழம்பு

“ஏலே, இதெல்லாம் ஒரு குழம்பா? வாயில வைக்க முடியல.”

“அக்கா, நேத்து வரைக்கும் நல்லாருக்குன்னுதான சொன்னிய…”

“நேத்து பசி. பேசாத. கையெழுத்தப் போட்டுட்டு அங்கயே போய்ச் சேரு.”

மெஸ் முதலாளி ஜெசிந்தா சத்தம் போட்டுக்கொண்டே சாப்பிட்டார். சமையல்காரன் மிக்கேல் எதிரே நின்றான். மேஜையில் வேலை மாற்றத் தாள் கிடந்தது. அந்த வளைகுடா நாட்டில் பழைய முதலாளியும் வேலையாளும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் குடியிருப்பு அட்டையில் முதலாளி பெயர் மாறும். ஜெசிந்தா காலையிலேயே போட்டுவிட்டார். தாளை வாங்கும் அலுவலகத்தை நான்கு மணிக்கு மூடிவிடுவார்கள். நாளை என்றால் அவனுக்கு வேலை தருவதாகச் சொன்ன பெரிய ஹோட்டல் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். அங்கே போனால் அவன் மனைவி ரோஸ்லினைக் கூட்டிவரலாம். இந்தச் சின்ன மெஸ் விசாவில் அது நடக்காது.

“உங்கள ஒத்தையில விட்டுட்டு நான் எப்படிக்கா போவேன்?”

“நான் என்ன பச்சப்பிள்ளையா? ஒம்பது வருசமா இந்தப் புளித்தண்ணிய முழுங்குதேன். ரோஸ்லினாவது வந்து உனக்குச் சமைக்கக் கத்துக்குடுக்கட்டும்.”

சொல்லிவிட்டு மீன் தலையை உறிஞ்சினார். முள் ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்தில் சேர்ந்தது. விரல்கள் கடைசிப் பருக்கையையும் குழம்பில் புரட்டி எடுத்தன. மிக்கேல் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து, தாளில் கையெழுத்திட்டு, குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“இன்னும் ஒரு கரண்டி ஊத்தட்டுமாக்கா?”