பச்சைப் பவளம் தராத கேப்டன்

கஞ்சன் என்ற பட்டம் கேப்டன் மாஹிருக்கு ஒரே வெள்ளிக்கிழமையில் கிடைத்தது. கொடுத்தவர் வேறு யாருமில்லை, அவருடைய தங்கை கணவர் வஜ்திதான்.

ஜித்தாவில் ஒரு வீட்டுக்குப் போய் ஒரு பொருளை அழகு என்று சொல்லிவிட்டால், "எடுத்துக்கோங்க, உங்களுதுதான்" என்று வீட்டுக்காரர் சொல்லியாக வேண்டும். மாஹிர் அதில் ராஜா. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். விருந்தாளிகள் உட்காரும் தன் மஜ்லிஸ் கூடத்தில் சுவர் நீளத்துக்குக் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்த்தார். அதிலிருந்து ஒரு கிளையாவது வாங்கிப் போகாதவர், வெள்ளிதோறும் அங்கே கூடும் எங்கள் தொட்டிக்காரர் கூட்டத்தில் இல்லை. நானே இரண்டு வாங்கியிருக்கிறேன்.

அன்று வஜ்தி கஹ்வா காப்பிக் கிண்ணத்தோடு தொட்டி முன்னால் போய் நின்றார்.

"மச்சான், இந்தப் பச்சைப் பவளம் என்னமா இருக்கு."

"ம்."

"கண்ணைப் பறிக்குது மச்சான்."

"பேரீச்சம்பழம் எடுத்துக்கோ மாப்ள."

"பழம் எங்க வீட்டுலயும் இருக்கு. நான் பவளத்தைப் பத்திப் பேசுறேன்."

"அது தர்றதுக்கில்ல," என்றார் மாஹிர்.

வஜ்தி கிண்ணத்தை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

அடுத்த வாரம் இன்னும் மோசம். நாங்கள் உட்காரும் நேரத்தில் தொட்டியைப் பெரிய துணி போட்டு மூடி வைத்திருந்தார்.

"துணியையாவது அழகுன்னு சொல்லலாமா? இல்ல, அதுக்கும் தடையா?" என்றார் வஜ்தி.

எல்லோரும் சிரித்தோம். உரக்கச் சிரித்தது நான்தான்.

அதற்குப் பிறகு இருபது பேர் வந்த இடத்தில் ஆறு பேர் வந்தார்கள். கேப்டன் வீட்டு முதப்பக் ரொட்டி ஆறிப்போய்த் தட்டோடு உள்ளே திரும்பியது. தங்கை ஹாலா போனில் அழுதாள்.

"அண்ணே, இங்க என் மானம் போகுது. ஒரு துண்டு கொடுத்துத் தொலையேன்."

"கொஞ்ச நாள் பொறும்மா," என்றார். போனை வைத்துவிட்டார். விருந்தாளிக்காகவே வாழ்ந்த மனிதர், காலியான மெத்தைகளைப் பார்த்துக்கொண்டு மூன்று மாதம் உட்கார்ந்திருந்தார்.

திடீரென்று ஒருநாள் அவரே எல்லோருக்கும் போன் போட்டார். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு வரச் சொன்னார். வேடிக்கை பார்க்கத்தான் போனோம்.

மாஹிர் துணியை இழுத்தார். தொட்டி கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. ஒவ்வொரு பவளமும் முழுசாக விரிந்திருந்தது. அவர் கையில் மருந்து ஊசி ஒன்று இருந்தது.

"முந்நூத்திப் பதினொண்ணு," என்றார். "அத்தனையும் தீர்த்தாச்சு."

"என்னது?"

"கடல் சாமந்திங்கிற பிராணி. அதுல களைச் சாதி ஒண்ணு இருக்கு. பழுப்பு நிறம், கண்ணாடித் தண்டு. பாத்தா பூவுன்னு தோணும், தொட்டா சடக்குனு பொந்துக்குள்ள போயிரும். பக்கத்துப் பவளத்தைக் கொட்டிக் கொட்டியே சாகடிக்கும். மொதல்ல கத்தியால சுரண்டினேன். ஒண்ணு பத்தாச்சு. அப்புறம் பம்பை நிறுத்திட்டு, ஒவ்வொண்ணு வாயிலயும் சுண்ணாம்புக் குழம்பை ஊசியால விட்டேன். ஊசி எட்டாத குஞ்சுகளை இந்த இறாலுங்க தின்னு முடிச்சுது."

"அப்ப அன்னைக்குத் தரமாட்டேன்னு சொன்னது..." என்று இழுத்தேன்.

"கண்ணுக்குத் தெரியாத துணுக்கு ஒண்ணு கல்லுல ஒட்டிட்டு வந்தாப் போதும், உங்க தொட்டி காலி. இப்ப ஒரு மாசமா ஒண்ணுகூட முளைக்கல. யார் யாருக்கு எது அழகா இருக்கோ, தைரியமா சொல்லுங்க."

கூடம் அதிர்ந்தது. இருபது பேரும் ஒரே நேரத்தில் பாராட்டினார்கள். கேப்டன் வெட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். மூன்று மாதமாகக் கூனியிருந்த முதுகு அன்றைக்கு நிமிர்ந்துவிட்டது. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஆனாலும் மஞ்சள் பவளம் ஒன்றைப் பாராட்டி வாங்கிக்கொண்டேன்.

பச்சைப் பவளம் வஜ்தி கைக்குப் போனது. அவருக்குக் கோபம் இப்போது வேறு பக்கம் திரும்பியது.

"எந்த மடையன் மச்சான் இந்தப் பீடையை உன் தலையில கட்டினான்? ஆளைக் காட்டு, கடல்ல முக்கி எடுக்கிறேன்."

"கடல்ல இருந்து வந்ததுக்கு யாரைக் குத்தம் சொல்ல," என்று மாஹிர் சிரித்தார். "அத விடு. இந்தச் செவப்புக் கோடு போட்ட இறால் எப்படி மாப்ள இருக்கு?"

"நல்லா... அழகாத்தான் இருக்கு."

"எடுத்துக்கோ. பன்னெண்டும் உன்னுதுதான்."

வஜ்தி பூரித்துப் போய்க் கிளம்பினார். எல்லோரும் போன பிறகு எனக்குப் பொறுக்கவில்லை.

"கேப்டன், மூணு மாசம் உங்க மானத்தை வாங்கின மனுஷன். அவருக்குப் போயா அத்தனை இறாலும்?"

"அவனுக்குத்தான் இப்ப அவசரம்," என்றார் அவர், துணியை மடித்துக்கொண்டே. "அந்தக் களையைப் பத்திச் சொல்லியிருந்தா, எங்கிருந்து வந்துச்சுன்னு நீங்க எல்லாரும் கேட்டிருப்பீங்க. போன பெருநாளைக்கு அவன் தொட்டியில ஒரு ஊதாப் பவளத்தை நான்தான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்காம அழகுன்னு சொல்லிட்டேன். பாவம், ஆசையா கல்லோட பேத்துக் கொடுத்தான்."