இடது பக்கம் இழுக்கும் வண்டி

"பாருங்க மெக்கானிக், வண்டியில ஒரு குறையும் கிடையாது. ஓட்டுற ஆளுகிட்டதான் குறை. அதை நீங்களே இவகிட்ட எடுத்துச் சொல்லிடுங்க."

பட்டறைக்குள் நுழைந்ததுமே கணவர் தீர்ப்பு சொல்லிவிட்டார். அவருக்கு வேலையே அதுதான். இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயர். அடிபட்ட வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தால் போதும், தப்பு யார் மேல் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்.

ஏழு பேர் உட்காரக்கூடிய பெரிய வண்டி. அதன் இடது பக்கம் மூன்று கீறல்கள். மூன்றும் மனைவியின் கைங்கரியம். அவள் லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது.

"நேரா பிடிச்சாலும் இடது பக்கமே இழுக்குதுங்க" என்றாள்.

"எனக்கு இழுக்கலையே? ஆறு வருஷமா இதே வண்டியைத்தான் ஓட்டறேன். ஒரு கோடு விழுந்திருக்கா?"

நிஜமாகவே விழுந்ததில்லை. அவள் பார்வை அந்த மூன்று கீறல்களுக்குப் போனது.

வெறும் கீறல் பிரச்னை என்றால் போய்த் தொலைகிறது என்று விட்டுவிடலாம். அவள் பள்ளிக்கூட டீச்சர். தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்திருந்தது. புதுப் பள்ளிக்கூடம் முப்பது கிலோமீட்டர் தள்ளி. காலையில் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் பதவி அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"வண்டியை நேரா ஓட்டத் தெரிஞ்சா சாவி. இல்லேன்னா பதவி வேண்டாம்னு எழுதிக் குடுத்துடு" என்று கணவர் சொல்லிவிட்டார். அதோடு விட்டாரா? தம்பிக்கும் போன் போட்டுக் கதை கதையாகச் சொன்னார். "அண்ணி வண்டி எடுக்கிறாங்கன்னா முன்னாடியே சொல்லுங்க, நான் வீட்டை விட்டு வெளியே வரலை" என்று கொழுந்தன் அன்றைக்கு ஆரம்பித்த கிண்டல் இன்னும் ஓயவில்லை.

மெக்கானிக் முன் டயர்களைக் கையால் தடவிப் பார்த்தார்.

"வாங்க சார், ஒரு ரவுண்டு போகலாம். நீங்களே ஓட்டுங்க."

ஆள் இல்லாத நேர் ரோடு. கணவர் கம்பீரமாக ஓட்டினார்.

"சார், ஸ்டியரிங்கைக் கொஞ்சம் லேசா விடுங்க."

விட்டார். வண்டி தன் பாட்டுக்கு இடது ஓரத்துக்குக் கிளம்பியது.

"ரோடு சரிவு" என்றார் உடனே.

பக்கத்தில் சமதளமாக ஒரு காலி மைதானம் இருந்தது. அதற்குள் விடச் சொன்னார் மெக்கானிக். அங்கேயும் இடதுதான்.

"காத்தடிக்குதுல்ல."

வெளியே ஒரு இலைகூட அசையவில்லை. பின் சீட்டில் டீச்சருக்குச் சிரிப்பு முட்டியது. அதை அடக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

பட்டறைக்குத் திரும்பியதும் மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் ஒரு கம்பியை விட்டு நெம்பிக் காட்டினார். இடது முன் சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கிற இடத்தில் ரப்பர் புஷ் கிழிந்து தொங்கியது.

"இது இன்னிக்கு நேத்து கிழிஞ்சதில்ல சார். ரெண்டு வருஷமாவது இருக்கும். வண்டி கொஞ்சம் கொஞ்சமா இடது பக்கம் இழுத்திருக்கு. நீங்களும் கொஞ்சம் கொஞ்சமா வலது பக்கம் இழுத்துப் பிடிச்சே பழகிட்டீங்க. டீச்சர் புதுசு, நேரா பிடிக்கிறாங்க. ஆமா, சாருக்கு வலது தோள்பட்டை வலிக்குமே?"

"அது இவ வாங்கின தலையணையால வந்தது."

புஷ்ஷை மாற்றி, சக்கரங்கள் நேராக நிற்கும்படி அலைன்மென்ட் பார்த்து முடிக்க மதியம் ஆனது. டீச்சர் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தாள். வண்டி நூல் பிடித்த மாதிரி போய் நூல் பிடித்த மாதிரி திரும்பியது. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் யாருக்கும் நல்ல வார்த்தை ஒன்று சொல்லத் தோன்றும். கணவருக்குத் தோன்றவில்லை.

"இறங்கு, வீட்டுக்கு நான் ஓட்டறேன். திங்கட்கிழமை விஷயத்தை அப்புறம் யோசிக்கலாம்."

அவள் முகம் விழுந்துவிட்டது. இறங்கி ஓரமாக நின்றாள்.

"சார், கை இன்னும் பழையபடிதான் இழுக்கும். ரெண்டு நாளைக்குப் பார்த்து, மெதுவா..." என்று ஆரம்பித்தார் மெக்கானிக்.

"எனக்கேவா?"

கதவைச் சாத்தினார். ஒரு சுற்று சுற்றி, ஆறு வருஷமாக ஓட்டிய அதே மிடுக்கோடு கேட்டை நோக்கி விட்டார். கையும் இரண்டு வருஷப் பழக்கத்தை விடாமல் வலது பக்கம் இழுத்தது.

கிர்ரென்று ஒரு சத்தம். வலது பக்கம் முன் கதவில் ஆரம்பித்த கோடு பின் கதவில் போய்த்தான் நின்றது.

கணவர் எஞ்சினை அணைத்து, சாவியோடு இறங்கினார். தொழில் பழக்கம், வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கேட் தூணைப் பார்த்தார். மெக்கானிக்கைப் பார்த்தார். அந்தத் தூண் அங்கே முப்பது வருஷமாக நிற்கிறது. தப்பை அதன் மேல் போடவும் வழியில்லை.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. தம்பி.

"என்னண்ணா, பட்டறையில ஏதோ சத்தம் கேட்டுதாம், என் ஃபிரெண்டு அந்தப் பக்கம் போயிருக்கான். யாரு இடிச்சது?"

கணவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அப்படி ஒரு கெஞ்சலை அவள் அந்த முகத்தில் பார்த்ததில்லை. அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது.

பக்கத்தில் வந்து, மெல்லச் சொன்னாள்.

"நான்தான் இடிச்சேன்னே சொல்லிக்குங்க. சாவியை மட்டும் இப்படிக் குடுங்க."