வேப்பமரத்து டேப் ரிக்கார்டர்

குயில் பாட்டைப் பிடிக்கிறேனென்று, மனைவி சீனியம்மாளின் அலுமினியச் சட்டிக்குள் மைக்கைக் கட்டி, டேப் ரிக்கார்டரோடு மாந்தோப்பு வேப்பமரத்தில் ஏற்றியிருந்தார் தவசிலிங்கம். விடியலில் பட்டனை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போவார். திரும்பி வந்து கேட்டால், கேசட் முழுக்கக் காவல் நாயின் குரைப்புதான்.

வெறுத்துப்போய் அந்த நாயைத் தம்பி வீட்டுக்குத் தள்ளிவிட்டு, போன வாரம் வெள்ளை ராஜபாளையம் நாய் ஒன்றை வாங்கி வந்தார்.

“ஏட்டி, எம்புட்டுச் சத்தம் வந்தாலும் இது வாயைத் திறக்காதாம். வித்தவனே சத்தியம் பண்ணினான்.”

“குரைக்காத நாய் காவலுக்கு எதுக்கு? உங்க கிறுக்குக்கு ஓர் அளவில்லையா?”

“ஆள் வந்தா குரைக்கும்ட்டி. சாதி நாய்!”

இன்று காலை டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், ரெண்டு மாமரம் மொட்டையாக நின்றன. நாய் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

சீனியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “அம்புட்டுக் காயும் போச்சு. நீங்க உக்காந்து குயில் பாட்டுக் கேளுங்க!”

அவர் நிஜமாகவே உட்கார்ந்து, கேசட்டைப் போட்டுக் கேட்டார். குரைப்பே இல்லை. குயில் கணீரென்று கூவியது. அவர் முகம் மலர்ந்தது.

பிறகு ஓர் ஆள் குரல்: “அண்ணே, நாய் படுத்திருக்குண்ணே!”

இன்னொரு குரல் சிரித்தது. “பயப்படாமப் பறிலே. அது பிறவிச் செவிடு. போன வாரம் நான்தானே அவருக்கு வித்தேன்!”