கடுகளவு

"கடுகளவு கட்டி இருந்தாலும் இந்தப் புதுக் கேமராவில் தெரிந்துவிடும். புற்றாக மாறும் முன்பே எடுத்துவிடலாம். ஆனால் குடல் சுத்தமாக இல்லையே. போன முறையும் இதே கதைதான்" என்று இந்தியில் சலித்துக்கொண்டார் டாக்டர்.

வெளியே வந்ததும் ஜெபராஜ் அம்மாவிடம் சிடுசிடுத்தான்.

"வயித்தச் சுத்தம் பண்ற மருந்த நேத்து சாயங்காலம் நான்தான ரெண்டு லிட்டர் கலக்கி வச்சுட்டுப் போனேன். குடிச்சியா, கீழ ஊத்துனியா?"

"ஊத்திட்டேன்" என்றாள் ராஜக்கனி.

"ஒனக்கு அறிவிருக்காம்மா? பெரியம்மா இந்த நோயிலதான போய்ச் சேந்தா. பயமா?"

"பயம்லாம் இல்லலே. ரெண்டு டம்ளர் குடிச்சதுக்கே ஓட்டமா ஓடுனேன். ஒவ்வொரு தடவையும் லைன். பத்து மணிக்கு வாட்ச்மேன் சந்துக் கக்கூஸப் பூட்டிட்டுப் போயிட்டான். மிச்சத்தையும் குடிச்சுட்டு நான் எங்கலே போவேன்?"

ஜெபராஜும் தாராவியில் அதே சந்தில், அதே வரிசையில் தண்ணீர் டப்பாவோடு நின்று வளர்ந்தவன்தான். கல்யாணமாகி கோபர்கைரனேயில் ஒரு ஃபிளாட்டுக்குப் போனதில் அது மறந்தே போயிருந்தது.

ராஜக்கனி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஒன் வீட்லதான் ரெண்டு பாத்ரூம் இருக்கே. அடுத்த தடவ ஒரு ராத்திரி மட்டும் அங்க வந்து படுத்துக்கிடட்டுமா?"

அவன் தள்ளிப்போய் மனைவிக்குப் போன் போட்டான். கொஞ்ச நேரம் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"டாக்டருங்க அப்படித்தாம்மா பயமுறுத்துவாங்க. ஒனக்கு ஒண்ணும் இருக்காது. விடு."