ஸ்டேஷன் மாஸ்டர் கடத்தல்

சகலை வீட்டில் திருடுவது என்று லிஃப்ட் மெக்கானிக் முடிவு செய்த நேரத்தில், அவர் மனைவி எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுஷன். அடுத்தவர் குடையைக்கூட மாற்றி எடுத்து வந்ததில்லை. அந்த நீர்யானை விஷயத்தில் மட்டும் அவருக்கு வயிறு பற்றி எரிந்தது.

மெக்கானிக்குக்கும், மைத்துனியின் புருஷனான போட்டோக்காரருக்கும் ஒரே பைத்தியம். அந்தக் காலத்துச் சித்திரக்கதை ஒன்றில் கோணக்காடு என்று ஒரு ரயில் நிலையம் வரும். முதலை டிக்கெட் கேட்கும், குரங்கு கரி அள்ளிப் போடும், முயல்கள் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடும். அத்தனை பேரையும் அப்போது தகரப் பொம்மையாக விற்றார்கள். சகலைகள் இருவரும் பழைய சாமான் கடைகளில் அலைந்து அவற்றைப் பொறுக்கி, ஆளுக்கொரு பலகைமேல் தண்டவாளம் போட்டு, ஸ்பான்ஜில் மலை செய்து, கோணக்காட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முயல் ரயில் பெட்டியைவிடப் பெரிதாக இருப்பதெல்லாம் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது.

அதில் ஸ்டேஷன் மாஸ்டர் நீர்யானை லேசில் கிடைக்காத சரக்கு. சிவப்புத் தொப்பி, பச்சைக் கொடி, பொத்தான் தெறித்த கோட்டு. ஒருநாள் ஒரு கடையில் இருவர் கையும் ஒரே நேரத்தில் அதன்மேல் விழுந்தது. போட்டோக்காரர் கை அடியில் இருந்ததால் பொம்மை அவருக்குப் போனது. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

மெக்கானிக்கின் கோணக்காட்டில் ரயில் வழுக்கிக்கொண்டு ஓடும். பிளாட்பாரத்தில் மட்டும் ஒரு ரப்பர் தவளை தற்காலிக ஸ்டேஷன் மாஸ்டராக நின்றது. அதன் மூஞ்சியைப் பார்த்தாலே அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அங்கே நேர்மாறு. நீர்யானை இருந்தது, ரயில் ஓடவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டிருந்தால் உடனே ஓடவைத்திருப்பார். கூப்பிட வாய் வர வேண்டுமே, கௌரவம்.

இதையெல்லாம் தங்கை புலம்பியதாகச் சொல்லிவிட்டு, மனைவி இன்னொன்றும் சொன்னாள்.

“ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட கல்யாணத்துக்குப் போறாங்களாம். சாவியைச் செருப்பு ஸ்டாண்டுக்குள்ள வச்சிட்டுப் போவாளாம். இப்படியும் ஒரு ஏமாளி இருப்பாளா?”

மெக்கானிக் காதில் விழாத மாதிரி எழுந்து போனார். நீர்யானையை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் தவளையை நிறுத்திவிட்டு வருவது என்று அப்போதுதான் தீர்மானமானது.

ஞாயிற்றுக்கிழமை சாவி சொன்ன இடத்தில் இருந்தது. மாடி அறையில் நீர்யானை பிளாட்பாரத்தில் ஜம்மென்று நின்றது. கையை நீட்டியவர் கண்ணில் தண்டவாளம் பட்டது.

“அடப்பாவி,” என்றார் வாய்விட்டு.

வளைவில் இணைப்பு பல்லை இளித்தது. பலகைக்கு அடியில் ஒயர்கள் தாறுமாறாகக் கிடந்தன. குரங்கு அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரி போட்டது. லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவரைவிட அதிகமாகத் தவிக்கிற ஆள் இவர். ஓடாத ஒன்றை அப்படியே விட்டுவிட்டு வர அவர் கை கேட்காது. இந்த ஒரு இணைப்பு மட்டும் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார்.

நல்லவேளையாக ஸ்க்ரூ டிரைவர், சால்டரிங் அயர்ன், கொஞ்சம் ஈயக்கம்பி எல்லாம் மேஜைமேலேயே கிடந்தன. ஃபிளாஸ்க்கில் சூடாக டீகூட இருந்தது. சர்க்கரை போடாத டீ, அவர் குடிக்கிற மாதிரியே. போகிற அவசரத்தில் குடிக்க மறந்துவிட்டார்கள், மறதிக்காரக் குடும்பம் என்று நினைத்துக்கொண்டே குடித்துத் தீர்த்தார்.

மத்தியானம்வரை குனிந்த தலை நிமிரவில்லை. கடைசியில் பிளாட்பாரத்தில் இரண்டு ஒயர் முனைகள் மட்டும் சேராமல் நின்றன. ஈயக்கம்பி தீர்ந்துவிட்டது. சும்மா ஓட்டிப் பார்க்கத்தானே என்று, தகர நீர்யானையைத் தூக்கி அந்த முனைகள்மேல் அழுத்தி நிறுத்தினார்.

ரயில் கிளம்பியது. வளைவில் திரும்பியது, மலைக்குள் புகுந்து வெளியே வந்தது. முயல்கள் குலுங்கின. மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகுதான் வந்த காரியம் ஞாபகம் வந்தது. நீர்யானையை எடுத்தார். ரயில் நின்றது. அந்த இடத்தில் தவளையை வைத்தார். ரப்பர் தவளைக்குள் மின்சாரம் எப்படிப் போகும்? திரும்ப நீர்யானையை வைத்தார், ஓடியது. எடுத்தார், நின்றது. நீர்யானையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். இவ்வளவு பாடுபட்டு ஓடவைத்த ரயிலைத் தன் கையாலேயே நிறுத்திவிட்டுப் போக மனசு வரவில்லை.

ஸ்டேஷன் மாஸ்டரை வேலையில் விட்டுவிட்டு, தவளையோடு வீடு போய்ச் சேர்ந்தார். இன்னொரு நாள் ஈயக்கம்பியோடு வந்தால் காரியம் முடிந்தது என்று வழியெல்லாம் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

சாயங்காலம் போட்டோக்காரர் குடும்பம் திரும்பி வந்தது. வந்ததும் வராததுமாக அவர் மாடிக்கு ஓடினார். கோணக்காட்டு ரயில் சுற்றிக்கொண்டிருந்தது. நீர்யானை இடத்தைவிட்டு நகரவில்லை. பின்னாலேயே வந்த அவர் மனைவி ஃபிளாஸ்க்கை ஆட்டிப் பார்த்துவிட்டு, அக்காவுக்குப் போன் போட்டாள்.

“அக்கா, ரயில் ஓடுது. டீயையும் குடிச்சிருக்கார். அடுத்த ஞாயித்துக்கிழமையும் நாங்க ஊர்ல இல்லைன்னு அத்தான் காதுல போட்டு வை. இந்தத் தடவை நீர்யானையை வாஷிங் மெஷின் மேல வச்சிட்டுப் போறோம், அது சுத்தி ரொம்ப நாளாச்சு.”